புல்லட் கம்பெனியின் பேட்டரி வண்டி: திருவொற்றியூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு திருவொற்றியூரில். மாமா என்ஃபீல்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் எங்கள் தெருவில் வண்டியைப் பற்றிய எந்தச் சந்தேகமும் எங்கள் வாசலில் வந்துதான் நிற்கும். ராயல் என்ஃபீல்ட் பேட்டரி வண்டி செய்கிறது என்ற செய்தி வந்த நாளிலிருந்து டீக்கடையிலும் மெக்கானிக் கடையிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை பதிலும் எழுதியிருக்கிறேன்.

புல்லட் கம்பெனி நிஜமாகவே பேட்டரி வண்டிக்கு வந்துவிட்டதா?

வந்துவிட்டது. 2024 நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்று ஒரு தனிப் பெயரை அறிவித்து, சி6 என்ற முதல் வண்டியைக் காட்டினார்கள். கரடுமுரடான பாதைக்கு ஏற்ற சாயலில் எஸ்6 என்று இன்னொன்றும் உண்டு. டேங்க் மீது ராயல் என்ஃபீல்ட் என்று பெரிதாக எழுதாமல் புதுப் பெயரை முன்னால் வைத்தது தற்செயல் இல்லை. புல்லட்காரரின் மனமும் புண்படக்கூடாது, புல்லட்டை 'அப்பா வண்டி' என்று நினைக்கிற பிள்ளையும் ஓடிவிடக்கூடாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

ஃப்ளீ என்றால் தெள்ளுப்பூச்சிதானே? வண்டிக்கு யாராவது அந்தப் பெயரை வைப்பார்களா?

எங்கள் தெருப் பையன்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் பெயருக்குப் பின்னால் இருப்பது நல்ல கதை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் படைக்காக என்ஃபீல்ட் 125 சிசியில் ஒரு குட்டி வண்டி செய்தது. எடை 60 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரும்புக் கூண்டுக்குள் வைத்து விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்குவார்கள். கீழே விழுந்ததும் கூண்டைப் பிரித்து, வண்டியை எடுத்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். பள்ளம் வந்தால் ஒரே ஆள் தூக்கிக் கடக்கலாம். 1944-ல் ஆர்ன்ஹெம் சண்டையிலும் அது இருந்தது.

அந்த வண்டி பிறந்தது அதற்கும் முன்பு. டிகேடபிள்யூ என்ற ஜெர்மன் கம்பெனியின் சின்ன வண்டிகளை ஹாலந்தில் ஒரு யூத நிறுவனம் விற்றுவந்தது. நாஜிகள் காலத்தில் அந்த விற்பனை உரிமையைப் பறித்துவிட்டார்கள். அதே மாதிரி வண்டி ஒன்றைச் செய்து தரச்சொல்லி அந்த ஹாலந்து நிறுவனத்தார் என்ஃபீல்டை அணுக, அப்படி வந்ததுதான் அந்தக் குட்டி. ஆக, எடை குறைந்த வண்டி இந்தக் கம்பெனிக்குப் புதிது இல்லை. இன்றைய புல்லட் 350 சுமார் 195 கிலோ. அதை சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பார்த்தவர்களுக்கு 60 கிலோ என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

சி6-ன் முன்பக்கத்தில், முன் சக்கரத்தைத் தாங்குகிற அந்தப் பழைய காலத்து கர்டர் ஃபோர்க் சாயலை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள், இப்போது அலுமினியத்தில். இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் மக்னீசியம் பெட்டிக்குள் பேட்டரி. பெட்டியின் மேல் பழைய இன்ஜின் போலவே செதில் செதிலாக வெட்டியிருக்கிறது. சூடு தணியத்தான் என்று சொன்னாலும், பார்க்கிற கண்ணுக்கு இன்ஜின் ஞாபகம் வரட்டும் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

புல்லட் நன்றாகத்தானே விற்கிறது? இவர்களுக்கு எதற்கு இந்த வேலை?

நன்றாகத்தான் விற்கிறது. 2024-25 நிதியாண்டில் 10 லட்சம் வண்டியைத் தாண்டினார்கள். ஆனால் நன்றாக விற்காத காலத்தைப் பார்த்த கம்பெனி இது. 1990-களில் டிராக்டர் கம்பெனியான ஐஷரின் கைக்கு வந்தபிறகும் தடுமாற்றம்தான். 2000 வாக்கில் இதை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற பேச்சே வந்தது. ஐஷர் குடும்பத்துப் பிள்ளை சித்தார்த்த லால் கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கித்தான் அதை நிமிர்த்தினார். கடன்காரன் வாசலில் நின்றதைப் பார்த்த குடும்பம் கையில் பணம் இருக்கும்போதே அடுத்ததை யோசிக்கும். 2022-ல் வந்த ஹன்டர் 350-ஐயே பாருங்கள். எடையைக் குறைத்து, உயரத்தைக் குறைத்து, கல்லூரிப் பையனையும் வேலைக்குப் போகும் பெண்ணையும் மனதில் வைத்துச் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டார்க் ஃபியூச்சர் என்ற ஸ்பெயின் நாட்டு மின்சார பைக் கம்பெனியில் 5 கோடி யூரோ போட்டார்கள். மிலானில் பேட்டரி வண்டி வந்து நின்றது அதன் தொடர்ச்சிதான்.

போட்டியும் இருக்கிறது. பஜாஜ் சேட்டக்கை 2020-ல் பேட்டரியில் திரும்பக் கொண்டுவந்தது. டிவிஎஸ் அதே ஆண்டு ஐக்யூப் விட்டது. ஹீரோ 2022-ல் விடா என்று வந்தது. எல்லாம் ஸ்கூட்டர். மோட்டார் சைக்கிளில் இதைச் செய்வது கஷ்டம். ஸ்கூட்டர் வாங்குகிறவர் காய்கறிப் பையை எங்கே வைப்பது என்றுதான் பார்ப்பார். பைக் வாங்குகிற பையன் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பான். ஹார்லி டேவிட்சன் 2019-ல் லைவ்வயர் என்று ஒரு மின்சார பைக்கை விட்டது. அமெரிக்காவிலேயே விலை ஏறக்குறைய 30,000 டாலர். பழைய ஹார்லிக்காரர்கள் சத்தம் இல்லை என்று முகம் திருப்பினார்கள். இளைஞர்கள் கையில் அவ்வளவு பணம் இல்லை. பிறகு அதைத் தனிக் கம்பெனியாகவே பிரித்துவிட்டார்கள். நம்மாள் நகரத்துக்குள் ஓட்டுகிற சின்ன வண்டியோடு தொடங்கியது அந்தப் பாடத்தைப் பார்த்துத்தான் என்பது என் கணிப்பு.

இந்த வண்டியைத் திருவொற்றியூரில் செய்வார்களா? வேலை கிடைக்குமா?

எங்கள் ஊரில் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதில் அவ்வளவு இனிப்பாக இருக்காது.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவானது. எல்லைக் காவலுக்கு ராணுவம் கேட்ட புல்லட்தான் அதற்கு விதை. முதலில் அங்கிருந்து உதிரி பாகம் வரும், இங்கே பூட்டுவார்கள். பிறகு கருவிகளும் வந்து, முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே செய்யும் நிலை வந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனியே படுத்துவிட்டது. தாய் போனபிறகும் பிள்ளை நின்றது, அதுவும் நம் கடற்கரை ஓரத்தில். டேங்கின் தங்கக் கோட்டைக் கையால் இழுப்பவர்கள் இங்கே இருந்தார்கள். ஸ்கேல் கிடையாது, ஒட்டுப் படம் கிடையாது. தூரிகையை வைத்து ஒரே மூச்சில் இழுத்துவிடுவார்கள்.

2013-ல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை வந்தது, அப்புறம் வல்லம் வடகாலில். பெரிய உற்பத்தி அந்தப் பக்கம் போய்விட்டது, புது மாதிரிக்கான வேலையும் அங்கேதான். வடசென்னைப் பையனுக்கு வேலை வேண்டுமென்றால் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏற வேண்டும், அல்லது அங்கேயே அறை எடுக்க வேண்டும். ஊர்ப் பெருமை ஊரில் இருக்கிறது, சம்பளம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம்.

டப டப சத்தம் இல்லாமல் அது என்ன புல்லட்?

அது புல்லட் இல்லை. கம்பெனியும் அப்படிச் சொல்லவில்லை.

இருந்தாலும் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய புல்லட்டில் ஒற்றை சிலிண்டர். பிஸ்டனின் அகலம் 70 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போகும் தூரம் 90. நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், மெதுவான சுற்று. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிற அளவுக்கு இடைவெளி. அதைக் கிளப்புவதே ஒரு வித்தை. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்தி, முள் நடுவுக்கு வந்ததும் சிலிண்டரின் அழுத்தத்தை இறக்கும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி, விட்டு, ஒரே உதை. தப்பாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்கால் பல நாள் பேசும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டியவன் ஏறினால் முதல் நாள் சுவரில்தான் போய் நிற்பான்.

பேட்டரி வண்டிக்கு இந்த வித்தை எதுவும் தேவையில்லை. கை கால்களுக்கு இருந்த வேலையை மோட்டாரும் கம்ப்யூட்டரும் செய்துவிடுகின்றன. அப்பாவிடம் கற்றுக்கொள்ள எதுவுமில்லாத முதல் வண்டி இதுதான். மாமாவுக்கு இது வருத்தம். எனக்குப் பாதி வருத்தம்தான், ஏனென்றால் என் முழங்காலும் அடி வாங்கியது.

கிளட்ச், கியர் இல்லாமல் ஓட்டுவதில் என்ன சுகம்?

நின்ற இடத்திலிருந்தே மோட்டார் முழு விசையில் இழுக்கும். டி.எச். ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்று நின்று போகும்போது இடது கை வலிக்காது. அந்தச் சுகம் போதாதா?

மாடி வீடு, வாடகை, குறுகிய சந்து. சார்ஜ் எங்கே போடுவது?

இந்தப் பக்கத்துக்கு உண்மையான கேள்வி இதுதான். விளம்பரத்தில் வண்டி தனி வீட்டு கார் நிறுத்துமிடத்தில் அழகாக நின்று சார்ஜ் ஆகும். காலடிப்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வண்டி நிற்பது சந்தில், நாம் இருப்பது இரண்டாவது மாடியில், மீட்டர் இருப்பது வீட்டுக்காரர் பெயரில்.

வாங்குவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். இரவு நேரத்தில் அவர் வீட்டுப் பிளக்கில் ரகசியமாகச் சொருகி வைப்பது நட்பைக் கெடுக்கும். வண்டி நிற்கும் இடத்தில் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்று, தனி ஒயர், எர்த், எம்சிபி என்கிற ட்ரிப் ஸ்விட்ச், முடிந்தால் ஒரு சப்-மீட்டர். நல்ல எலக்ட்ரீஷியன் ஒரு நாளில் முடித்துவிடுவார். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மெல்லிய ஒயர் மணிக்கணக்கில் சூடேறும், மழை வந்தால் கேட்கவே வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போகிற வசதி சில ஸ்கூட்டர்களில் உண்டு. பெரிய பேட்டரி உள்ள பைக்குகளில் பெரும்பாலும் அது வண்டியின் ஃப்ரேமோடு சேர்ந்தே இருக்கும். ஆகவே பிளக் கிடைக்காத வீட்டில் இருப்பவர் பைக்கைவிடக் கழற்றும் பேட்டரி ஸ்கூட்டரைப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஷோரூமில் நிறம், டிஸ்ப்ளே எல்லாம் காட்டுவார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, 'சார்ஜர் எத்தனை ஆம்பியர், ஒயர் எத்தனை மீட்டர்?'

வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சென்னை மே மாத வெயில் பேட்டரிக்கு எதிரி. தினமும் நூறு சதவீதம் ஏற்றி, பூஜ்ஜியம் வரை இறக்குவதும் அப்படித்தான்.

மாதச் செலவு எவ்வளவு மிச்சமாகும்?

திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மாதம் 25 நாள், 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தரும் புல்லட்டுக்கு 28 லிட்டருக்கு மேல் போகும். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 2,800 ரூபாய் சொச்சம். எடை குறைந்த மின்சார பைக் நகரத்துக்குள் 100 கிலோமீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் எடுக்கும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து மாதம் 40 யூனிட் என்று கொள்ளலாம். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினாலும் 320 ரூபாய்தான்.

சொந்த மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கு வேறு அட்டவணைக்குப் போய்விடும். ஏற்கெனவே ஏசி போட்டு 440-ல் நிற்கும் வீட்டில் வண்டிக்கு 80 சேர்ந்தால் 520. அந்த 20 யூனிட்டுக்காக மொத்த பில்லும் எகிறும். கோடையில் இதைக் கணக்குப் போட்டுக்கொண்டு வண்டி வாங்குங்கள்.

வாங்கும்போது வரியிலும் வித்தியாசம் இருக்கிறது. மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 350 சிசி வரையுள்ள பெட்ரோல் வண்டிக்கு 28 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18. அதனால் இடைவெளி குறைந்துவிட்டது. புல்லட் இன்னும் சுலபமாகக் கைக்கு எட்டுகிறது என்பதையும் மறைக்க வேண்டாம்.

வெள்ளம் வந்தால்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மறக்க முடியுமா? எர்ணாவூர்ப் பக்கம் வந்தது தண்ணீர் மட்டும் இல்லை, எண்ணெயும் கலந்து வந்தது. என் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் பேட்டரி ஸ்கூட்டர் இரண்டு நாள் சீட் வரை நின்றது. சர்வீஸ் சென்டரில் வாங்கி வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் 'பார்ட் வரணும் சார்' என்ற பதிலையே சொன்னார்கள். அதே தண்ணீரில் நின்ற மாமாவின் புல்லட்டுக்கு எங்கள் தெரு மெக்கானிக் ஆயிலை இறக்கி, கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கைக் காயவைத்து, நான்காம் நாள் உதைத்துக் கிளப்பிவிட்டார்.

பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். மழையில் ஓட்டலாம், தேங்கிய தண்ணீரைக் கடக்கலாம். இரண்டு நாள் ஊறினால் அந்த எண் கைகொடுக்காது. மூழ்கிய வண்டியை ஆன் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது. சர்வீஸ் ஆள் வந்து பார்க்கட்டும். இன்ஷூரன்ஸில் தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். வெள்ளச் சேதத்துக்கு பேட்டரியும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், ஏனென்றால் மொத்த வண்டியில் விலை உயர்ந்த பொருள் அதுதான்.

உப்புக் காற்று?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எந்த இரும்பையும் அது விடாது. பேட்டரி வண்டியில் கவனிக்க வேண்டியது கனெக்டர்களும் சார்ஜிங் வாயும். மூடியை மூடி வையுங்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பிரஷர் வாட்டர் சர்வீஸ் வேண்டாம்.

புகை இல்லாத வண்டி என்கிறார்களே, அந்தப் புகை எங்கே போனது?

எங்கள் பக்கம்தான் வந்தது. கிண்டியிலோ அண்ணா நகரிலோ ஒருவர் இரவில் சார்ஜ் போடும்போது அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு அத்திப்பட்டில் நிலக்கரி எரிந்து வருகிறது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட். 2024-ல் 800 மெகாவாட்டில் மூன்றாவது கட்டம் வந்தது. பக்கத்திலேயே வல்லூரில் 1,500. எண்ணூரின் பழைய நிலையம் 2017-ல் மூடியது ஒன்றுதான் ஆறுதல். சாம்பல் செப்பாக்கம் கிராமத்துக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் என்ன செய்தது என்று அங்கே வலை போடுகிறவரைக் கேட்டால் தெரியும்.

ஆனால் இதை வைத்து 'பேட்டரி வண்டி ஏமாற்று' என்று சொல்லிவிட முடியாது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 35 கிலோமீட்டர் ஓடும் புல்லட்டுக்கு கிலோமீட்டருக்கு 66 கிராம். மின்சார பைக்குக்கு முழு மின்சாரமும் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்று வைத்து, யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று போட்டாலும் 40 கிராம்தான். தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கல்பாக்கமும் சேர்வதால் உண்மையில் இன்னும் குறையும். மொத்தத்தில் லாபம்தான். அந்த லாபம் ஊருக்கெல்லாம் பங்கிடப்படுகிறது, சாம்பல் மட்டும் ஒரே முகவரிக்கு வருகிறது. வண்டி விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார், நாம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தெருவோர மெக்கானிக்குகள் என்ன ஆவார்கள்?

டேப்பெட், கார்புரேட்டர், கிளட்ச் பிளேட், ஆயில் சர்வீஸ். இந்த நான்கில்தான் அவர்களுக்கு வாராந்திர வருமானம். பேட்டரி வண்டியில் இந்த நான்கும் கிடையாது. மிஞ்சுவது பிரேக், டயர், பேரிங், ஃபோர்க். மோட்டாரும் பேட்டரியும் கம்பெனியின் லேப்டாப்புக்கு மட்டும்தான் வாய் திறக்கும். புல்லட் பரவியது ஷோரூமால் மட்டும் இல்லை, எந்த ஊரிலும் ஒரு மரத்தடியில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருந்ததால். அந்தக் கதவைக் கம்பெனிகள் மூடினால் நஷ்டம் மெக்கானிக்குக்கு மட்டும் இல்லை, மிக்ஜாம் நேரத்தில் காத்துக்கிடந்த என் சொந்தக்காரருக்கும்தான்.

ஐடிஐ படிப்புகளில் மின்சார வாகன மெக்கானிக் என்று தனிப் பிரிவு வந்திருக்கிறது. கடை வைத்திருக்கும் அண்ணன்கள் தங்கள் பிள்ளைகளையோ கடைப் பையனையோ அதில் சேர்க்கலாம். இன்னும் பத்து வருடமாவது பழைய புல்லட்களுக்கு வேலை இருக்கும், அதனால் பதற வேண்டியதில்லை.

பையனுக்கு 17 வயது. பேட்டரி வண்டிதானே, வாங்கித் தரலாமா?

கூடாது. 250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் உள்ள வண்டிக்குத்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். சி6 போன்றவை முழு மோட்டார் சைக்கிள். பதிவு, பச்சை நம்பர் பிளேட், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் உண்டு.

பழைய புல்லட்டையே பேட்டரிக்கு மாற்றிக்கொள்ளலாமா?

அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு, ஆர்டிஓவில் ஆர்சியைத் திருத்தினால்தான் சட்டப்படி செல்லும். யாரோ வெல்டிங் கடையில் மாட்டித் தருவதற்கு இன்ஷூரன்ஸ் நிற்காது. தவிர, நன்றாக ஓடுகிற புல்லட்டின் இன்ஜினைப் பிடுங்க மனசு வருமா என்ன?

இதற்காகவே காத்திருக்க வேண்டுமா? வேறு மின்சார பைக் இல்லையா?

இருக்கிறது. பெங்களூரின் அல்ட்ராவயலெட் எஃப்77 வேகப் பிரியர்களுக்கு. நம் சென்னையிலேயே ரேப்டீ என்ற கம்பெனி 2024 அக்டோபரில் டி30 என்று ஒன்றை வெளியிட்டது. கார்களுக்கு வேகமாக சார்ஜ் ஏற்றும் நிலையங்களிலேயே அதையும் சொருகலாம் என்பது அதன் சிறப்பு. டெலிவரி வேலைக்கு வண்டி தேடுகிற தம்பிகள் இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஸ்கூட்டர் பக்கம் போவதே நல்லது. தினமும் 120 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குத் தேவை அழகு இல்லை.

உங்கள் மாமா என்ன சொல்கிறார்?

இதைக் கேட்காதவர் இல்லை. சி6 வீடியோவைப் போனில் காட்டினேன். கர்டர் ஃபோர்க்கை இரண்டு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். 'பினிஷிங் நல்லாத்தான் இருக்கு' என்றார். அது அவரிடம் பெரிய பாராட்டு. அப்புறம் கேட்டார்:

"ராத்திரி வாசல்ல நிக்குற புல்லட்ட எவனாவது கிளப்புனா தெருவே எழுந்துக்கும். இத ஓட்டிக்கினு போனா எப்படிடா தெரியும்?"

போனுக்கு அலாரம் வரும், வண்டி எங்கே போகிறது என்று மேப்பிலேயே காட்டும் என்று விளக்கினேன்.

"போன் சைலன்ட்ல இருந்தா?"